கழுதைக்குப் போட்ட சிவப்புக் கோடு

தில்லையடியில் நான் திருத்திய முதல் கட்டுரை சீமெந்துப் பைத் தாளில் எழுதப்பட்டிருந்தது. அந்தக் காலத்துச் சீமெந்துப் பைகள் அடுக்கடுக்கான பழுப்புத் தாளால் ஆனவை. உள்தாளில் தூள் ஒட்டியிருக்கும், வெளித்தாளில் அச்செழுத்து இருக்கும். நடுத்தாள் சுத்தமானது. அதை உருவித் தட்டி, நாலாக வெட்டி, நூல் கோத்துத் தைத்தால் ஒரு கொப்பி. பென்சிலால் எழுதினால் எழுத்துத் தெரியாது, பேனையால் எழுதினால் மை ஊறும். இருந்தும் பிள்ளைகள் எழுதினார்கள்.

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து நாங்கள் வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினோம். எனக்கு அப்போது 23 வயது. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்து, ஒரு சில புள்ளிகளால் பல்கலைக்கழகம் தவறியவன். புத்தளம் நகரத்திலிருந்து பாலாவிக்குப் போகிற கொழும்பு வீதியோரம் தில்லையடி. தென்னங்காணிகளுக்குள் கிடுகுக் கொட்டில்கள் வரிசையாக எழும்பின. உள்ளூர்ப் பிள்ளைகள் மத்தியானம் வீட்டுக்குப் போன பிறகு, அதே வாங்குகளில் எங்கள் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ஏ.எல். எடுத்தவன் என்பதால் என்னைத் தொண்டர் ஆசிரியராகப் பிடித்துப் போட்டார்கள்.

எட்டாம் ஆண்டுக்கு ‘எனது ஊர்’ என்று தலைப்புக் கொடுத்தேன். யோசித்துக் கொடுத்ததல்ல. எங்கள் மாஸ்டர் எங்களுக்குக் கொடுத்ததை நான் அவர்களுக்குக் கொடுத்தேன், அவ்வளவுதான். கொடுத்த பிறகுதான் அந்தத் தலைப்பு அந்த வகுப்பில் எவ்வளவு பாரமானது என்று புரிந்தது. முக்கால்வாசிப் பேர் வாய்ப்பாடுபோல எழுதினார்கள்: இயற்கை வளம் நிறைந்த ஊர், பாடசாலை உண்டு, பள்ளிவாசல் உண்டு, மக்கள் ஒற்றுமையாக வாழ்கிறார்கள். ஒரு பையன் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தான். எங்கட ஊரில் கழுதை இருந்தது. இங்கேயும் கழுதை இருக்கிறது. இந்தக் கழுதைகளுக்கு எங்களைத் தெரியாது.

மன்னாரிலும் கழுதை திரியும், புத்தளத்திலும் திரியும் என்பது இரண்டு ஊரையும் கண்டவர்களுக்குத் தெரியும். நான் என்ன செய்தேன்? ‘எங்கட’ என்பதை வட்டமிட்டு ‘எங்களுடைய’ என்று திருத்தினேன். மூன்று வசனத்துக்கும் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்து, ‘கட்டுரைக்குப் பொருத்தமற்ற விடயம்’ என்று எழுதினேன். இருபதுக்கு ஏழு. அந்த வகுப்பில் எழுதப்பட்ட ஒரே கட்டுரைக்கு நான் போட்ட புள்ளி அது.

அந்த நாட்களில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பின்னேரத்தில் கொட்டில்களுக்கு முன்னால் உட்கார்ந்து சனத்துக்குக் கடதாசி எழுதிக் கொடுப்பது. நிவாரண அட்டையில் பெயர் விடுபட்டுப் போனவர்கள், பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள், பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க அலைகிறவர்கள். நான் முதலில் எழுதிய மனுக்களில் கண்ணீர் அதிகம். பக்கத்துக் கொட்டிலில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருந்தார். ஒரு மனுவை வாங்கி வாசித்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இத வாசிக்கிறவருக்கு முன்னால இதுபோல ஐந்நூறு கடதாசி கிடக்கும். அவருக்கு உங்கட கவல வேணாம். ஏன் இந்தப் பேர் அட்டையில வரோணும் எண்டு அவர் மேல உள்ள ஆளுக்குச் சொல்ல ஒரு காரணம் வேணும். அத அவர் கையில குடுங்க.”

ஆசிரியப் பயிற்சியில் பிறகு எத்தனையோ கற்பித்தல் முறைகள் படித்தேன். அந்த ஒரு பேச்சுக்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை.

நியமனம் கிடைத்த பிறகு, பகலில் பாடசாலையில் தமிழ், பின்னேரம் கிடுகுக் கொட்டிலில் ஏ.எல். வர்த்தகப் பிள்ளைகளுக்குப் பொருளியல் ரியூசன் என்று ஓடியது. இரண்டு பாடத்தையும் ஒரே நாளில் திருத்துகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. பிள்ளைகள் எங்கே விழுகிறார்கள் என்பது பளிச்சென்று தெரியும். இலக்கியத்தில் விழுகிற இடமும் பொருளியலில் விழுகிற இடமும் ஒன்றுதான். காரணத்தையும் முடிவையும் எழுதுவார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள படியை விட்டுவிடுவார்கள். நான் அதற்கு ‘நடுப்படி’ என்று பெயர் வைத்தேன். என் மாணவர்கள் சிலர் இப்போதும் என்னைக் கண்டால் ‘நடுப்படி சேர்’ என்றுதான் சொல்கிறார்களாம், நான் தூரப் போன பிறகு.

உப்பளத்தில் கூலி வேலை செய்கிற ஒருவரின் மகள் என்னிடம் படித்தாள். ‘உப்பளப் பிரதேசத்தில் அடைமழை பெய்தால் உப்புச் சந்தையில் ஏற்படும் மாற்றத்தை விளக்குக’ என்று ஒரு கேள்வி கொடுத்தேன். “மழை பெய்தால் உப்பு விலை கூடும்” என்று ஒரு வரி எழுதி, கீழே இரண்டு கோடு குறுக்காகக் கீறிவிட்டுப் பேனையை வைத்துவிட்டாள்.

“ஏன் மகள் விலை கூடும்?”

“மழை பெஞ்சாக் கூடும்தானே சேர்.”

“உங்கட வாப்பா மழை பெய்த அண்டைக்கு என்ன செய்வார்?”

அதற்குப் பிறகு அவள் வாயை மூடவில்லை. பாத்தியில் நிற்கிற தண்ணீர் இளகிப் போகும், விளைந்த உப்பு கரையும், திரும்ப வெயில் பிடித்துக் காய்ந்து வர நாட்கள் எடுக்கும், அதுவரை வாப்பாவுக்கு வேலை இல்லை, ஆனால் முன்னமே அள்ளி அம்பாரமாகக் கிடுகு போட்டு மூடி வைத்தவருக்கு நல்ல விலை. விலை எவ்வளவு கூடினாலும் தங்கள் வீட்டில் வாங்குகிற உப்பு குறைவதில்லை என்றும் சொன்னாள், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி.

அவ்வளவும் பொருளியல். நான் செய்ததெல்லாம் அதைப் படியாக அடுக்கிக் காட்டியதுதான். மழையால் அதே விலையில் சந்தைக்கு வரும் உப்பு குறைகிறது, ஆகவே நிரம்பல் வளையி இடப்பக்கம் நகர்கிறது. பழைய விலையில் வாங்க நிற்கிறவர்கள் தொகை மாறவில்லை, ஆகவே மிகைக் கேள்வி. அந்த மிகைக் கேள்விதான் விலையை மேலே தள்ளுகிறது. உப்புக்குக் கேள்வி நெகிழ்ச்சி குறைவு என்பதால் வாங்கும் அளவு கொஞ்சம்தான் குறையும், விலை நிறையக் கூடும். வரைபடத்தில் கேள்வி வளையியைச் செங்குத்துக்குக் கிட்டவாகக் கீறினால் பரீட்சகருக்கு இந்தப் பிள்ளைக்கு விளங்கியிருக்கிறது என்று தெரியும். அச்சுகளுக்கு விலை, தொகை என்று பெயர் போடாத வரைபடம் வெறும் பெருக்கல் குறி. ‘ஏனையவை மாறாதிருக்க’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால் நல்லது. அதைச் சேர்க்கச் சொன்னதும் அவள் கேட்டாள், “ஏனையவை எப்ப சேர் மாறாம இருந்திச்சு?” முகாமில் வளர்ந்த பிள்ளை. என்ன சொல்வது?

இறால் பண்ணைக்காரர் ஒருவரின் மகனும் அந்த வகுப்பில் இருந்தான். 1996இல் வெண்புள்ளி நோய் வந்து வடமேற்குக் கரையோரத்து இறால் தடாகங்களைக் காலியாக்கியது. அடுத்த மாதச் சோதனையில் வணிக இடர் பற்றிக் கேட்டேன். வகுப்பில் கொடுத்த ரியூட் தாளில் உள்ளபடி இயற்கை இடர், நிதி இடர், சந்தை இடர் என்று ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியிருந்தான். உதாரணத்துக்குச் சூறாவளி. வீட்டில் தடாகத்தை இறைத்துவிட்டு வாப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார், பையன் சூறாவளி எழுதுகிறான். கூப்பிட்டுக் கேட்டேன். “அது ரியூட்டில இல்லையே சேர்” என்றான். அந்த ரியூட் நான் அடித்துக் கொடுத்தது.

வணிகப் பாடத்தில் கட்டுரை என்பதே வேறு சாமான். அங்கே அழகு வசனம் எடுபடாது. விடயத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், அடுத்த வசனத்தில் அதை விளக்க வேண்டும், முடிந்தால் ஒரு கடையையோ தொழிலையோ காட்ட வேண்டும். தமிழில் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இதில் அடிபடுவார்கள். ‘நவீன உலகில் வணிகமானது மனித வாழ்வோடு பின்னிப் பிணைந்துள்ளது’ என்று தொடங்கி அரைப் பக்கம் போவார்கள். அரைப் பக்கத்துக்கும் முட்டை.

இலக்கியத்தில் நிலைமை தலைகீழ். அங்கே எல்லோரும் பாராட்டுவார்கள். ‘கவிஞர் மிகச் சிறப்பாக எடுத்துரைத்துள்ளார்’, ‘உவமை மிக அழகாகக் கையாளப்பட்டுள்ளது’. எந்தச் சொல், எந்த உவமை, அது இல்லாவிட்டால் பாட்டில் என்ன குறைந்து போயிருக்கும் என்று கேட்டால் மேசையைப் பார்ப்பார்கள். நடுப்படி இங்கேயும் இல்லை. ஏ.எல். தமிழுக்கு வந்ததும் இன்னொரு வியாதி தொற்றிக்கொள்ளும்: பேராசிரியர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவது. ‘பேராசிரியர் கைலாசபதி கூறியது போல’ என்று எழுதிவிட்டு, தனக்குத் தோன்றியதை எழுதுவது. கைலாசபதி 1982இல் காலமானவர். தொண்ணூறுகளில் வெளியான ஒரு சிறுகதையை அவர் புகழ்ந்ததாக ஒரு பையன் எழுதியிருந்தான். அவனுக்குக் கைலாசபதியும் தெரியாது, கதையும் தெரியாது. ஆனால் பரீட்சகர் பயந்துவிடுவார் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

பிறகு சில வருடங்கள் உதவிப் பரீட்சகராக விடைத்தாள் திருத்தப் போனேன். மண்டபத்துக்குள் நடந்ததை வெளியே பேசக்கூடாது, பேசவும் போவதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். உதவிப் பரீட்சகருக்குச் சிவப்புப் பேனை, பிரதம பரீட்சகருக்கு ஊதாப் பேனை. புள்ளித் திட்டம் அச்சில் இருக்கும். மொத்தப் பெயர்களும் மறைந்து சுட்டெண் மட்டும் மிஞ்சும். நூலால் கட்டிய ஒரு கட்டு முடிந்தால் அடுத்த கட்டு.

நான் அங்கே படித்தது என்னைப் பற்றித்தான். காலை எட்டரைக்குத் திருத்திய தாளையும் பின்னேரம் மூன்றரைக்குத் திருத்திய தாளையும் ஒரே மனிதன் திருத்தவில்லை. மூன்றரைக்கு என் கண் வசனத்தை வாசிப்பதில்லை, கொக்கியைத் தேடுகிறது: ஆகவே, ஏனெனில், இதன் விளைவாக. அந்தச் சொல் கண்ணில் பட்டால் நின்று வாசிப்பேன். படாவிட்டால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும், திரும்ப இழுத்து வர வேண்டும். தபாலதிபர் சொன்ன ஐந்நூறு கடதாசிக்கு முன்னால் இப்போது நானே இருந்தேன். ஒரு தாளில் பொருளியல் எல்லாம் சரி, ஆனால் பந்தி பிரிக்காமல் மூன்று பக்கம். அந்தப் பிள்ளைக்குரிய புள்ளியைத் தேடி எடுக்க நான் பட்ட பாட்டை அந்தப் பிள்ளை அறியாது. எல்லாப் பரீட்சகரும் தேடுவார்களா என்பதையும் அறியாது. ஊருக்கு வந்து பிள்ளைகளுக்குச் சொன்னேன்: ஒரு கருத்துக்கு ஒரு பந்தி, ஒரு பந்திக்குப் பிறகு ஒரு வரி இடைவெளி. தாள் மிச்சம் பிடிக்காதீர்கள். தாள் மிச்சம் பிடித்தே பழகிய பிள்ளைகளிடம் அதைச் சொல்வது லேசான காரியமல்ல.

ஒரு புள்ளிக்கு ஏன் இவ்வளவு பாடு என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. புத்தளம் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ள மாவட்டம். இசட் புள்ளி வந்த பிறகு வெட்டுப்புள்ளி நாலாம் தசமதானம் வரை போகிறது. ஒரு பந்தியில் விட்ட ஒரு ‘ஆகவே’ ஒரு பிள்ளையைக் களனிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும், இன்னொன்றைக் கடையில் நிறுத்தும்.

2000ஆம் ஆண்டில் ஏ.எல். பரீட்சைக்கு நான்கு பாடம் மூன்றானது. பாடத்திட்டமும் மாறியது, கேள்வியும் மாறியது. நான் பரீட்சை எழுதிய காலத்தில் ஒற்றை வரியில் கேள்வி வரும், ‘ஆராய்க’ என்று முடியும், நீங்கள் நாலு பக்கம் போக வேண்டும். இப்போது பொருளியலில் கேள்வி துண்டு துண்டாக வருகிறது, ஒவ்வொரு துண்டுக்குப் பக்கத்திலும் புள்ளி அச்சடித்திருக்கிறது. மூன்று மணித்தியாலம், ஐந்து கேள்வி, ஒன்றுக்கு 36 நிமிடம். திருத்துகிறவனுக்கு இது நல்லது, சண்டை குறைவு. பிள்ளைக்கும் நியாயமானது, நாலு புள்ளிக் கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதி ஏமாறாது. ஆனால் துண்டுகளைக் கோக்கிற வேலையைக் கேள்வித்தாளே செய்துவிடுகிறது. கேள்வித்தாளே நடுப்படியைக் கட்டிக் கொடுத்தால் பிள்ளை எப்போது கட்டப் பழகும்? பல்கலைக்கழகம் போன என் மாணவர்கள் முதலாம் வருடத்தில் தொலைபேசி எடுத்து, “சேர், இங்க முழுசா எழுதச் சொல்றாங்க” என்று அழுவது போலச் சொன்னபோதுதான் இது எனக்கு உறைத்தது.

ஒரு விஷயத்தை மறைத்துவிட்டுப் போகலாம்தான். வெளிவாரிப் பட்டம் படித்த ஒருவர், உத்தியோகத்தில் இருப்பவர், தன் ஒப்படையை எழுதித் தரும்படி கேட்டார். சிறு கைத்தொழிலும் கிராமியப் பொருளாதாரமும் என்பது மாதிரித் தலைப்பு. வீட்டுக்கு ஓடு போட்டுக்கொண்டிருந்த சமயம், காசு தேவை. எழுதிக் கொடுத்தேன். மனுவும் எழுதிக் கொடுத்தவன்தானே, இதுவும் அதுபோல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுபோல இல்லை. மனுவில் சனத்தின் கதையை நான் எழுதினேன், கீழே பெருவிரல் அவர்களுடையது, கதையும் அவர்களுடையது. ஒப்படையில் என் கதைக்கு அவர் கையெழுத்து வைத்தார். ஒரு கிழமை கழித்து வந்து, வாய்மொழிப் பரீட்சை இருக்கிறதாம், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லித் தரச் சொன்னார். இரண்டு மணித்தியாலம் சொல்லிக் கொடுத்தேன். அதை முதலிலேயே செய்திருந்தால் அவரே எழுதியிருப்பார், எனக்கும் ரியூசன் காசு என்று சொல்லி வாங்க முடிந்திருக்கும். அதற்குப் பிறகு அந்த வேலை பார்க்கவில்லை. பார்த்தவர்கள் இருக்கிறார்கள், விலையும் ஊரறிந்தது.

2009க்குப் பிறகு ஒரு பகுதிச் சனம் மன்னாருக்கும் முசலிக்கும் திரும்பிப் போனது. தில்லையடியில் கல்வீடு கட்டியவர்கள் பலர் நின்றுவிட்டார்கள், நானும்தான். 2022இல் நாடு கவிழ்ந்தபோது தாள் தட்டுப்பாடு என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே பிற்போட்டார்கள். கொப்பி விலையைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் வெறுங்கையோடு வந்தார்கள். பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் விடை எழுதச் சொன்னேன். சீமெந்துப் பையை விட எவ்வளவோ மேல் என்றேன், யாருக்கும் விளங்கவில்லை. அந்தச் செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம். பணவீக்கத்துக்கு வரைவிலக்கணம் மனப்பாடம் செய்த பிள்ளை ஒருத்தி, வரைவிலக்கணத்துக்குக் கீழே, தன் உம்மா ஒரே ஆயிரம் ரூபாவில் மார்ச்சிலும் செப்டெம்பரிலும் வாங்கிய சாமானை இரண்டு பட்டியலாக எழுதியிருந்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. முழுப் புள்ளி போட்டேன். புள்ளித் திட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

இப்போது கட்டுரை கைபேசியில் வருகிறது. போன வருடம், நான் ஓய்வுபெற்ற பிறகும் விடாமல் வந்து படிக்கிற நாலைந்து பேருக்கு அதே உப்புக் கேள்வியைக் கொடுத்தேன். 2025இல் நாட்டில் உப்புத் தட்டுப்பாடு வந்து, இந்தியாவிலிருந்து உப்பு இறக்கிய நேரம். புத்தளத்துப் பிள்ளை கடையில் இந்திய உப்பு வாங்கியது. ஒரு பிள்ளை கொண்டுவந்த விடையில் பிழை ஒன்றும் இல்லை. பந்தி பிரித்து, முன்னுரை முடிவுரையோடு, எழுத்துப் பிழை இல்லாமல். ஆனால் ‘தேவை’ என்றிருந்தது, ‘அளிப்பு’ என்றிருந்தது, ‘வளைகோடு’ என்றிருந்தது. தமிழ்நாட்டுப் பாடப் புத்தகத்துச் சொற்கள். எங்களுக்கு அது கேள்வி, நிரம்பல், வளையி. அமையச் செலவு என்று நாங்கள் சொல்வது அதில் ‘வாய்ப்புச் செலவு’ என்று இருந்தது.

“இந்தச் சொல்லெல்லாம் எங்க படிச்ச மகள்?”

சிரித்தாள். இந்த விஷயத்தில் நான் கோபிக்கிற ஆள் இல்லை. முப்பது வருடம் ரியூட் அடித்து, பிள்ளைகளை அதைப் பார்த்து எழுத வைத்தவன், கைபேசியைப் பார்த்து எழுதினால் ஏச முடியாது. விடையை மடித்து மேசையில் வைத்துவிட்டு, அவள் மூத்தவாப்பா எங்கே வேலை செய்தார் என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் எனக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு முன் ஏனையவை எப்போது மாறாமல் இருந்தன என்று கேட்டவளின் மகள்தான் இவள். மூத்தவாப்பா உப்பளத்தில்தான் செத்துப் போகும்வரை வேலை செய்தார்.

“மழைக்காலத்துல மூத்தவாப்பா வீட்ட என்ன செய்வாராம்? உம்மா சொல்லுவாவா?”

“சும்மா இருக்க மாட்டாராம் சேர். கிடுகு பின்னுவாராம். மழ விட்டாப் பாத்தியப் பாக்கப் போயிடுவாராம்.”

“அதுல இருந்து தொடங்குங்க.”

கலண்டர்த் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேனையைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு எழுதத் தொடங்கினாள். ஒன்றரைப் பக்கம் எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். கிடுகு இருந்தது, பாத்தி இருந்தது, இரண்டு ‘ஆகவே’ இருந்தது. ‘எங்கட’ ஒன்றும் இருந்தது. வரைபடம் வரவேண்டிய இடத்தில் இடைவெளி விட்டுவிட்டு நிமிர்ந்து, அடிமட்டம் இருக்கிறதா என்று கேட்டாள். லாச்சிக்குள் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன்.